மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்கசிவும் கருப்பை வாய் மெலனோமா என்னும் அரிய நோயும்

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் வந்தால், அது ஒரு சொட்டாக இருந்தாலும், நீங்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தக் கையேட்டின் முக்கியச் செய்தி இதுதான். ஏன் பார்க்க வேண்டும், பார்த்தால் என்ன செய்வார்கள், "எனக்குப் பரிசோதனை முடிவு நன்றாகத்தானே வந்தது" என்று நினைப்பவரும் ஏன் போக வேண்டும் என்பதை விளக்குவதற்காக, மிக அரிதான ஒரு நோயை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கருப்பை வாயில் தோன்றும் மெலனோமா என்பது அந்த நோய்.

முதலில் ஓர் ஆறுதலான செய்தி. இந்த நோய் உங்களுக்கு வருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. உலகெங்கும் உள்ள மருத்துவ இதழ்களில் தனித்தனியாக விவரிக்கப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ நூறு என்ற அளவில்தான் இருக்கிறார்கள். மகளிர் நோய் நிபுணர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அப்படியிருக்க, இதைப் பற்றி மூத்தோருக்கு ஒரு கையேடு எதற்கு என்று கேட்கலாம். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற, 60 வயதையொட்டிய அல்லது அதைத் தாண்டிய பெண்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் முதலில் தென்பட்ட அறிகுறி இரத்தக்கசிவு. வழக்கமான ஸ்கிரீனிங் பரிசோதனை இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்காக உருவாக்கப்பட்டது அன்று. இந்த மூன்றும் சேர்வதால்தான் இதை எழுதுகிறோம்.

மெலனோமா என்றால் என்ன?

நம் தோலுக்கு நிறம் தருபவை மெலனோசைட் என்னும் உயிரணுக்கள். அவை கட்டுக்கடங்காமல் பெருகுவதே மெலனோமா. வெயிலில் அதிக நேரம் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு வரும் தோல் புற்றுநோய் என்றுதான் பலர் இதை அறிந்திருப்பார்கள். "நாம் மாநிறம், நமக்கெல்லாம் அது வராது" என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. அது பாதிதான் உண்மை. தோலில் வெயிலால் ஏற்படும் மெலனோமா நம்மவர்களுக்குக் குறைவு. ஆனால் நிறம் தரும் உயிரணுக்கள் வெயிலே படாத இடங்களிலும் இருக்கின்றன. உள்ளங்கால், நகத்தடி, கண், மூக்கின் உட்புறம், வாய், மலவாய், பெண்ணின் பிறப்புறுப்பு என்று பல இடங்களைச் சொல்லலாம். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981ஆம் ஆண்டு 36 வயதில் காலமானதற்குக் காரணம், கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாதான்.

உடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஈரமான சவ்வில் தோன்றும் மெலனோமா, வெள்ளைக்காரர்களிடையே நூற்றில் ஒன்று இரண்டுதான். சீனாவில் 500க்கும் மேற்பட்ட மெலனோமா நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவை இந்த வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. ஆசியர்களுக்கு உட்சவ்வு மெலனோமா புதிதாக அதிகரித்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தோலில் வரும் வகை ஆசியர்களிடம் குறைவாக இருப்பதால், உட்சவ்வு வகையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. எப்படியானாலும், மெலனோமா என்றதும் தோலை மட்டும் நினைப்பது நமக்குப் பொருந்தாது.

பெண் பிறப்புறுப்புப் பகுதியில் வரும் மெலனோமாக்களில் அதிகமானவை வெளி உதடுகளைச் சுற்றியே தோன்றுகின்றன. அதற்கு அடுத்து யோனிக் குழாயில் தோன்றுகின்றன. கருப்பை வாயில் தோன்றுவது எல்லாவற்றிலும் அரிது. கருப்பை வாய் என்பது கருப்பையின் கீழ்முனை. அது யோனிக்குள் சிறிது நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தொட்டுப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்கவும் இயலாது.

பரிசோதனை முடிவு நன்றாக வந்திருந்தாலுமா?

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரையுள்ள பெண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் பரிசோதனையும், 30 வயதுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. கருப்பை வாயில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய எல்லாமே எச்பிவி என்ற கிருமியால் வருபவை என்பதால் அவை மிகப் பயனுள்ள பரிசோதனைகள். அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

மெலனோமாவுக்கும் எச்பிவி கிருமிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. எனவே கருப்பை வாயில் மெலனோமா இருக்கும்போதே எச்பிவி முடிவு "கிருமி இல்லை" என்று வரக்கூடும். பாப் ஸ்மியர் எடுக்கும்போது சில வேளைகளில் மெலனோமா உயிரணுக்கள் சிக்குவதுண்டு. மாதிரியில் வெறும் இரத்தமே அதிகமாக இருந்தாலோ, கட்டி மேல்சவ்வுக்கு அடியில் வளர்ந்திருந்தாலோ அது தவறிப்போகும்.

மெலனோமாவை விட்டுவிடுவோம். கருப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோய் சிங்கப்பூர்ப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. அதையும் எச்பிவி பரிசோதனை தேடுவதில்லை. ஸ்கிரீனிங் என்பது எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது. இரத்தம் வந்துவிட்டால் நீங்கள் அறிகுறி உள்ளவர். சென்ற ஆண்டு வந்த நல்ல முடிவைக் காட்டி இந்த ஆண்டின் இரத்தக்கசிவை ஒதுக்கிவிட முடியாது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டாண்டு இருக்கிறதே என்று காத்திருக்கவும் கூடாது.

எதை அறிகுறியாகக் கொள்ள வேண்டும்?

உள்ளாடையில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கறை. தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தம். துர்நாற்றத்துடன் நீர்போல வடிதல், அல்லது கருமை கலந்த வெள்ளைப்படுதல். அடிவயிற்றிலும் இடுப்பிலும் விடாத வலி. கறை ஒரு நாள் வந்து நின்றுவிட்டாலும் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் கழிக்கும்போதுதான் இரத்தம் தெரிகிறது, எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை என்று பல மூத்தோர் சொல்வதுண்டு. வெள்ளை நிற சானிட்டரி பேட் ஒன்றை ஒருநாள் அணிந்து பாருங்கள். கழிப்பறைக்குப் போகாத நேரத்திலும் அதில் கறை பட்டால், அது பெரும்பாலும் யோனி வழியாக வருகிறது. எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் வந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவோர், "இந்த மாத்திரையால்தான் வருகிறது" என்று தாமே முடிவு செய்துவிடுகிறார்கள். மருந்து கசிவை அதிகமாக்கலாம். ஆனால் கசிய ஓர் இடம் இருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்காக டமோக்சிஃபென் சாப்பிடுவோர், சாப்பிட்டு முடித்தோர் இருவரும் கசிவு கண்டால் உடனே சொல்ல வேண்டும். அந்த மருந்து கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்று கூட்டுகிறது. கருப்பையை முன்பே எடுத்துவிட்டவர்களும் விதிவிலக்கு அல்லர். சிலருக்குக் கருப்பை வாயை விட்டுவைத்திருப்பார்கள். முழுவதும் எடுத்திருந்தாலும் யோனிக் குழாய் இருக்கிறது.

இரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்கசிவு கண்டு மருத்துவரிடம் வருபவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மற்றவர்களில் பலருக்கு வறண்டு மெலிந்த சவ்வு அல்லது சாதாரணச் சதை வளர்ச்சியே காரணம். அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பதை வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

சொல்லத் தயங்குவது

நாங்கள் வெளிப்படையாகவே எழுதுகிறோம். நம் வீடுகளில் இந்தப் பேச்சு வருவதில்லை. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். "இந்த வயதில் இதையெல்லாம் போய் டாக்டரிடம் காட்டுவதா" என்று வெட்கப்பட்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் துணியை அலசிப் போட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். வெந்தயத்தாலும் எண்ணெய்க் குளியலாலும் தீமை இல்லை. அவற்றுக்காகக் காத்திருக்கும் மூன்று நான்கு மாதங்கள்தான் ஆபத்து.

இன்னொரு தயக்கம் கணவரை இழந்தவர்களிடமும் திருமணம் செய்யாதவர்களிடமும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய் உடலுறவால் பரவும் கிருமியால் வருவது என்று கேள்விப்பட்டு, "எனக்கு அப்படி எதுவும் இல்லை, ஆகவே வராது" என்று நினைப்பார்கள். அல்லது சோதனைக்குப் போனாலே யாராவது தவறாக நினைப்பார்களோ என்று அஞ்சுவார்கள். எச்பிவி கிருமி ஒருவர் உடலில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். கணவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆனாலும் அதன் விளைவு இப்போது தெரியலாம். மெலனோமாவுக்கும் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கும் அந்தத் தொடர்புகூட இல்லை. அவை யாருக்கும் வரலாம். இதில் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ அம்மாவோ "ஒரு சின்னச் சோதனைக்குப் போக வேண்டும்" என்று சொன்னால், என்ன, ஏது என்று குடையாமல் கூட வந்து வெளியே உட்காருங்கள். அதுவே பெரிய உதவி.

மருந்தகத்தில் என்ன நடக்கும்?

67 வயதான ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இவர் உண்மையான நோயாளி அல்லர். மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் விவரங்களைக் கொண்டு நாங்கள் அமைத்த உதாரணம்தான். மாதவிடாய் நின்று பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதமாக அவ்வப்போது கறை படுகிறது. முந்திய ஆண்டு எச்பிவி முடிவு நன்றாக வந்ததால் அவர் பொறுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணியின் வற்புறுத்தலால் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறார்.

மருத்துவர் முதலில் கேள்விகள் கேட்பார். எப்போது நின்றது, எத்தனை முறை கறை, என்னென்ன மருந்துகள் என்று கேட்பார். பிறகு சோதனைப் படுக்கையில் படுக்கச் சொல்வார். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஆண் மருத்துவராக இருந்தால் தாதி ஒருவர் உடன் இருப்பார். இடுப்புக்குக் கீழே துணி போர்த்தப்படும். ஸ்பெகுலம் என்ற கருவியை மெதுவாக நுழைத்து, விளக்கு வெளிச்சத்தில் கருப்பை வாயைக் கண்ணால் பார்ப்பார். சில நிமிட வேலைதான். வயதானவர்களுக்குச் சவ்வு வறண்டிருப்பதால் கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம். "சிறிய கருவியாகப் போடுங்கள்", "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரத்தம் வந்துகொண்டிருந்தாலும் போகலாம், அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்ப்பது என்ற இந்த ஒரு படிதான் இந்த நோயில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது எங்கள் கருத்து. நம் உதாரணப் பெண்மணியின் கருப்பை வாயில், கருநீலமும் பழுப்பும் கலந்த, தொட்டாலே இரத்தம் கசியும் சிறு சதை வளர்ச்சி ஒன்று மருத்துவருக்குத் தெரிகிறது. எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நிறமே இல்லாமல் வெளிறியோ சிவந்தோ இருப்பவையும் கணிசமாக உண்டு. அவை சாதாரணச் சதை வளர்ச்சி போலவே தோன்றும். அதேபோல் கருப்பை வாயில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் எல்லாமே மெலனோமாவும் அன்று. தீங்கில்லாத மச்சமும், பழைய இரத்தம் தேங்கிய திட்டும் அங்கே இருக்கலாம். பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் அடுத்த கட்டம் தேவைப்படுகிறது.

பலதுறை மருந்தக மருத்துவர் அவரை மகளிர் நோய் நிபுணரிடம் அனுப்புகிறார். நிபுணர் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, நெல்மணி அளவு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். இதைத் திசுப் பரிசோதனை என்பார்கள். "கட்டியில் கத்தி வைத்தால் புற்றுநோய் பரவிவிடும்" என்று உறவினர் யாராவது சொல்லக்கூடும். அதை நம்பி மறுத்துவிடாதீர்கள். திசு எடுக்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது, பெயர் தெரியாமல் சரியான சிகிச்சை இல்லை. கருப்பையின் உட்சவ்வு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று அறிய ஸ்கேனும் எடுப்பார்கள்.

முடிவு வர ஏன் தாமதமாகிறது?

இந்த இடத்தில் குடும்பத்தினர் பொறுமை இழப்பது வழக்கம். மெலனோமா நுண்ணோக்கியில் பல வேடம் போடும். நிறமில்லாத வகையாக இருந்தால் சாதாரணக் கருப்பை வாய்ப் புற்றுநோய் போலவும், தசையில் தோன்றும் சார்கோமா போலவும், நிணநீர்ப் புற்றுநோய் போலவும் தெரியும். ஆகவே எடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக்கி, சிறப்புச் சாயங்கள் ஏற்றிப் பார்க்கிறார்கள். எஸ்-100, எச்எம்பி-45, மெலன்-ஏ, சாக்ஸ்-10 என்ற சாயங்கள் பிடித்துக்கொண்டால், அந்த உயிரணுக்கள் நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரியும். இதற்குச் சில நாட்கள் கூடுதலாக ஆகும். வேறு நிபுணர் ஒருவரும் கண்ணாடிச் சில்லைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனை சொன்னால் அது நல்லதே.

மெலனோமா என்று உறுதியானதும் இன்னொரு கேள்வி எழும். அது கருப்பை வாயிலேயே தோன்றியதா, வேறு எங்கோ தோன்றி இங்கே பரவியதா? இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதனால்தான் கருப்பை வாயில் நோய் உள்ளவரைத் தலை முதல் கால்வரை பார்ப்பார்கள். தலைமுடிக்கு அடியில், உள்ளங்காலில், விரலிடுக்கில், நகத்தடியில், வாய்க்குள், கண்ணின் பின்திரையில் என்று தேடுவார்கள். "எனக்கு நோய் அங்கே, இவர்கள் காலைப் பார்க்கிறார்களே" என்று ஆச்சரியப்பட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் மச்சம் எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு சிடி, எம்ஆர்ஐ, பெட் போன்ற ஸ்கேன்களில் நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சுகள், சில வேளைகளில் மூளை வரை பார்த்து, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுவோர் ஸ்கேன் நாளன்று எதை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை

நோய் மிக அரிது என்பதால், நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக வைத்து எது நல்லது என்று ஒப்பிட்ட ஆய்வு எதுவும் இதற்கு இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் பெற்ற அனுபவத்தையும் பிற மெலனோமாக்களில் பெற்ற அனுபவத்தையும் சேர்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். அதனால் ஒரே மருத்துவர் தனியாக முடிவு செய்யாமல், மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணர், மருந்துச் சிகிச்சை நிபுணர், கதிரியக்க நிபுணர், திசுவைப் பார்த்த நிபுணர் எல்லாரும் கூடிப் பேசுவார்கள்.

நோய் கருப்பை வாயை விட்டு அதிகம் பரவவில்லை என்றால் அறுவை சிகிச்சைதான் முதல் தேர்வு. கருப்பை, கருப்பை வாய், சுற்றியுள்ள திசு, யோனியின் மேல்பகுதி, பல வேளைகளில் இடுப்பு நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றை எடுப்பார்கள். இது பெரிய அறுவை. வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை. 75 வயதிலும் நடமாட்டத்துடன், இதயமும் நுரையீரலும் நன்றாக உள்ளவர் தாங்குவார். 60 வயதிலேயே பல நோய்கள் உள்ளவருக்கு வேறு வழி பார்க்க நேரலாம். அறுவைக்குப் பின் சில நாட்கள் சிறுநீர் கழிக்கக் குழாய் தேவைப்படலாம். நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கால் வீங்குவதுண்டு.

கதிரியக்கச் சிகிச்சை, எஞ்சியிருக்கும் நோயைக் கட்டுப்படுத்தவும், அறுவை செய்ய முடியாதவர்களுக்கு இரத்தக்கசிவையும் வலியையும் குறைக்கவும் பயன்படுகிறது. பழைய கீமோதெரபி மருந்துகளுக்கு மெலனோமா அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை.

மாற்றம் வந்தது எதிர்ப்பாற்றல் மருந்துகளால். நம் உடலின் காவல் அணுக்களுக்கு இயற்கையாகவே ஒரு பிரேக் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவை நம் உடலையே தாக்கும். புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள்தான் இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்றவை. இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளுக்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும். ஆனால் உட்சவ்வு மெலனோமாவில் இவற்றின் பலன் தோலில் வரும் வகையில் கிடைப்பதைவிடக் குறைவு. 2017ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கும், அதோடு இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 37 பேருக்கும் கட்டி சுருங்கியது. தோல் வகையில் அதே எண்கள் 41, 60 என்று இருந்தன. திசுவில் மரபணுச் சோதனையும் செய்வார்கள். கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரை உண்டு. அது சிலருக்கு மட்டுமே பொருந்தும்.

பிரேக்கை விடுவிப்பதால் காவல் அணுக்கள் எல்லை மீறவும் கூடும். கடும் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தோல் தடிப்பு, கண் மஞ்சள், தாங்க முடியாத அசதி ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனையை அழையுங்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகும் இவை வரலாம். வயிற்றுப்போக்குக்கு ஓமத்தண்ணீரோ, கடையில் வாங்கிய மாத்திரையோ கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குடல் அழற்சியாக இருந்தால் அந்த இரண்டு நாளில் நிலை மோசமாகிவிடும். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் திட்டமாட்டார், அவருக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

குணமாகுமா? அம்மாவிடம் சொல்லலாமா?

உண்மையைச் சொன்னால் இது கடுமையான நோய். பழைய பதிவுகளின்படி, கருப்பை வாயோடு நின்றிருந்த தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்களிலும் ஐந்தாண்டுகளைக் கடந்தவர்கள் நான்கில் ஒருவருக்கு மேல் இல்லை. பரவிய பிறகு கண்டறியப்பட்டவர்களின் நிலை அதைவிட மோசம். எதிர்ப்பாற்றல் மருந்துகள் வருவதற்கு முந்திய எண்கள் இவை. இன்று சிலர் அதற்கும் மேல் வாழ்கிறார்கள். சிறிய கட்டியாக இருக்கும்போது பிடிபட்டவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

"அம்மாவிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்கள்" என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வதைத் தாதியர் அடிக்கடி பார்க்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அறுவை அவருக்கு, ஊசி அவருக்கு. அவரது சம்மதம் இல்லாமல் மருத்துவர் எதையும் செய்ய முடியாது. பெரும்பாலும் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் பேசாமல் இருப்பார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்பதுதான் சரி. முழுவதும் வேண்டும் என்பவர் உண்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வலி இல்லாமல் இருந்தால் போதும்" என்பவரும் உண்டு. இரண்டும் அவர் முடிவு.

வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கும் பராமரிப்புக் குழுவைக் கடைசி நாட்களில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. சிகிச்சை நடக்கும்போதே அவர்களும் வரலாம். தமக்கு எப்படிப்பட்ட பராமரிப்பு வேண்டும், வீட்டிலா மருத்துவமனையிலா, பேச முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்பதையெல்லாம் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் எழுதிவைக்கலாம்.

போவதற்கு முன்

மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்திருந்தால், நீங்கள் பதிவு செய்துள்ள குடும்ப மருத்துவரிடமே முதலில் போகலாம். பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் பொது மருத்துவமனை நிபுணரிடம் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேரடியாகத் தனியார் நிபுணரிடம் போய்விட்டுப் பிறகு மாறுவது செலவைக் கூட்டும். புற்றுநோய் மருந்துகளுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவற்றுக்கு உண்டு. உங்களுக்குச் சொல்லப்படும் மருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தொடங்குமுன் கேளுங்கள். கட்ட முடியாது என்று தோன்றினால் சிகிச்சையை நிறுத்தாமல் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவகரைப் பார்க்கக் கேளுங்கள். மெடிஃபண்டுக்கு அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கறை பட்ட நாட்களை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கழற்றி மாட்ட எளிதாகப் புடவையோ பாவாடையோ உடுத்தலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், தமிழ் பேசும் பணியாளர் ஒருவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பேரனை மொழிபெயர்க்கச் சொன்னால் நீங்களும் சொல்ல வெட்கப்படுவீர்கள், அவனும் சொல்ல வெட்கப்படுவான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைந்தால், அல்லது தலைசுற்றி மயக்கம் வந்தால், மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்காமல் 995 எண்ணை அழையுங்கள்.